மலைப்பயற்றுக்குக் காவல்

கடைசிப் பேருந்து திரும்பும் வளைவுக்கு மேலே, ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி போட்ட சரிவு ஒன்று இருந்தது. அதற்குள் வளரும் செடி வேறெந்த மலையிலும் இல்லை என்று வனத்துறையில் சொன்னார்கள். பார்த்தால் நம்பத் தோன்றாது. வெள்ளை ரோமம் படிந்த சின்ன இலைகளோடும், அவரைப்பூ மாதிரி ஊதாப் பூக்களோடும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். காய் முற்றிவிட்டால் ஊதிப் பெருத்து, காற்றடிக்கும்போது உள்ளே விதை கிலுகிலுக்கும். மலைப்பயறு என்று பெயர்தான். யாரும் வாயில் வைத்ததில்லை.

அதற்குக் காவல் இருந்தவளைச் சாவியக்கா என்பார்கள். வேலிக் கதவின் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். அதற்கு முன்பு அடிவாரத்து நாற்றங்காலில் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தவள். கை மண்ணில் இருந்தாலும் வாய் ஓயாது. அவள் ஒருநாள் வரவில்லை என்றால் மற்ற பெண்களுக்குப் பொழுதே போகாது. அப்படிப்பட்டவளைத்தான் மேலே அனுப்பினார்கள்.

"ஒரே ஒரு மாசம்மா. ஆள் போட்டதும் கீழ வந்துடலாம்" என்றார் அதிகாரி.

அந்த ஒரு மாதம், பாவாடை கட்டிக்கொண்டிருந்த மகள் கல்லூரிக்குப் போகும்வரை நீண்டது.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, வேலியைப் பார்த்த ஒரு ஜன்னல். மூடுபனி இறங்கிவிட்டால் அந்த வேலியும் தெரியாது. வாரக் கடைசியில் வேறொரு காவலர் வந்து அவளை மாற்றிவிடுவார். அவள் பேருந்து பிடித்து வீட்டுக்குப் போய்த் துணி துவைத்து, சமைத்து வைத்து, மறுநாள் மாலையே மலையேறிவிடுவாள். வேலையை விட்டுத் தொலைத்திருக்கலாம்தான். ஆனால் குடியிருந்த வீடு அந்த வேலையோடு வந்தது. கணவன் தையல்காரன், முன்னறையில் மெஷின் போட்டிருந்தான். வேலை போனால் வீடு போகும், வீடு போனால் அவன் பிழைப்பும் போகும்.

"வா வா, உன் மூத்த பொண்ணு சௌக்கியமா?" என்பான், அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே. மூத்த பெண் என்றால் செடி. மகள் மட்டும் அந்தக் கேலிக்குச் சிரித்ததே இல்லை.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், மாடிப்படியில் வழுக்கி விழுந்து தையல்காரன் தொடை எலும்பை முறித்துக்கொண்டான். சாவியக்கா அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"காய் முத்துற நேரம்மா. இப்பப் போய் லீவு கேட்டா எப்படி? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"கட்டுப் போட்டுப் படுத்திருக்காரே, அவருக்கு நான் என்ன பதில் சொல்றது சார்?"

"அடுத்த வாரம் ஆள் அனுப்பப் பாக்குறேன்" என்று வைத்துவிட்டார். எந்த அடுத்த வாரம் என்று அவளுக்குத் தெரியாதா?

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். "அப்பாவைத் தூக்கி உக்கார வைக்க எனக்குத் தெம்பு இல்லம்மா." பிறகு குரல் மாறியது. "ஏம்மா, அந்தச் செடி செத்துப் போனாத்தான் நீ வீட்டுக்கு வருவியா?"

அந்தக் கேள்வி முள் மாதிரி தைத்துக்கொண்டு வெளியே வர மறுத்தது.

மறுநாள் காலை ஆட்டுக்காரி வழக்கம்போல வேலி ஓரமாக மந்தையை ஓட்டி வந்தாள். கம்பிக்குள் தலையை நுழைக்கும் ஆடுகளை விரட்டுவதும், அந்தச் சாக்கில் அவளோடு நாலு வார்த்தை சண்டை போடுவதும்தான் சாவியக்காவுக்கு இருந்த பேச்சுத்துணை. அன்று கதவு விரியத் திறந்து கிடந்தது.

"என்னக்கா இது, பூட்ட மறந்துட்டியா?"

"மறக்கல. உள்ள ஓட்டு."

"நெசமாவா?"

"கேள்வி கேக்காத. ஓட்டுன்னா ஓட்டு."

ஆடுகள் பாய்ந்தன. முழங்கால் உயரம் வளர்ந்திருந்த புல்லைப் பரபரவென்று கடித்து இழுத்தன. ஒரு கறுப்பு ஆடு மலைப்பயற்றின் மேல் மூக்கை வைத்தது. சாவியக்கா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். தின்ன வேண்டும் என்று வேண்டினாளா, தின்னக் கூடாது என்று வேண்டினாளா, அவளுக்கே விளங்கவில்லை. ஆடு ஒரு தும்மல் போட்டுவிட்டு நகர்ந்தது. அடுத்ததும் அப்படியே.

"ஆடு அதைத் தொடாதுக்கா" என்றாள் ஆட்டுக்காரி. "எங்க ஆடு ஒண்ணு குட்டியில இதைத் தின்னுட்டு, கிறுக்குப் பிடிச்ச மாதிரி பாறையில முட்டிக்கிட்டே நின்னுச்சு. அதுலேர்ந்து எதுவும் வாய் வைக்காது. இது தெரியாமயா இத்தனை வருசம் கல்லால அடிச்ச?"

மந்தை போன பிறகு சரிவு மொட்டை அடித்த மாதிரி கிடந்தது. செடிகள் மட்டும் பச்சையாக நின்றன. சாவியக்கா அவற்றின் நடுவே உட்கார்ந்து அழுதாள்.

ஆள் வரவில்லை. தையல்காரனுக்குக் கால் கூடியது, கோணலாக.

அடுத்த மழைக்கு, புல் மூடிக் கிடந்த இடமெல்லாம் மலைப்பயறு முளைத்தது. பார்க்க வந்த அதிகாரிக்கு வாயெல்லாம் பல். "கைராசிம்மா உங்களுக்கு!"

அவள் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள். "கைராசி இல்ல சார். ஆட்டை உள்ள விட்டேன். செடி அழியட்டும்னுதான் விட்டேன்."

அதிகாரி அவள் முகத்தையே பார்த்தார். செடி முளைத்துக் கிடந்த சரிவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "இதை நான் கேக்கவே இல்லை. நீங்களும் யார்கிட்டயும் சொல்லலை" என்றார்.

தண்டனை வரவில்லை, பாராட்டு வந்தது. வேலியை அடுத்த சரிவு வரை நீட்டினார்கள். அவளை விட்டால் ஆள் இல்லை என்று காவல் வேலையை நிரந்தரமாக்கினார்கள். சேதி கேட்ட மகள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புதுவேலி ஆட்டுக்காரியின் தடத்தை அடைத்துவிட்டதால் அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போதுதான் சாவியக்கா அலுவலகத்துக்கே நேரில் போனாள். "காய் உதிர்ந்த பிறகு ஆட்டை விடணும் சார், புல்லு போனாத்தான் விதை முளைக்குது. அந்த ஆட்டுக்காரியையே காவலுக்கும் சேத்துக்கணும். இல்லன்னா நீங்க கேக்காததை எல்லாம் ஊரே கேக்கும்படி சொல்லுவேன்." அதிகாரி பாதிக்கு இறங்கிவந்தார். ஆட்டுக்காரிக்கு வாரத்தில் பாதிநாள் வேலை கிடைத்தது. சாவியக்காவுக்கு அந்தப் பாதிநாள் வீடு.

அதற்குள் மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போயிருந்தாள். போனில் பேசுவாள், சுருக்கமாக.

வீட்டில் இருக்கும் நாட்களில் சாவியக்கா மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பாள். பனி, கறுப்பு ஆடு, கீழ்வீட்டுக்காரி, மகள் சொன்னது, சொல்லாதது. தையல்காரன் சில சமயம் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பான்.