கூடாரப் பண்டிகைக்கு எழுதிய இசை

பர்மாவில், பபேடான் வட்டாரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்மாடியில் இருப்பவள் என் தோழி. நகரத்தில் மிஞ்சியிருக்கும் சில யூதக் குடும்பங்களில் ஒன்று அவளுடையது. முன்னோர் பாக்தாதிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். நான் தேவாலயத்தில் வயோலா வாசிக்கும் தமிழ்க் கிறிஸ்தவப் பெண். நாங்கள் பேசிக்கொள்வது பர்மிய மொழியில்தான். கோபம் வந்தால் மட்டும் அவள் தெருவில் கற்ற தமிழுக்கு மாறுவாள்.

பஸ்கா, கூடாரப் பண்டிகை என்ற யூதத் திருநாள்களில் அவள் வீட்டில் பாடும் பாட்டுகளை வைத்து, இரண்டு வயலின், வயோலா, செல்லோ நான்குக்குமாக ஓர் இசை எழுதினேன். சில இடங்களில் அவள் குரல் ஸ்வரத்துக்குச் சற்றுக் கீழே நின்று அழுத்தும். பாட்டின் உயிரே அங்கேதான். பியானோவில் அந்த இடம் கிடையாது, எழுத வழக்கமான குறியும் கிடையாது என்பதால் ஸ்வரங்களின் தலையில் கீழ்நோக்கி அம்புக்குறி போட்டேன்.

ஒரு கலை மன்றம் தன் கச்சேரியில் அதைச் சேர்த்துக்கொண்டது. பொறுப்பாளர் வெளிநாட்டில் இசை படித்த பர்மியர். எல்லாருக்கும் அவர் சயா, அதாவது ஆசிரியர். முதல் ஒத்திகையில் தாளைப் பிரித்தால், மூன்றாம் பகுதி என்னுடையதாக இல்லை. அம்புகள் ஒன்றுகூட இல்லை. சினிமாக் கல்யாணத்தில் வருவதுபோல் ஒரு துள்ளல் தாளம் ஏறியிருந்தது.

ஏன் மாற்றினார் என்று அவர் பர்மிய மொழியில் நிதானமாக விளக்கினார். "கேட்டதுமே யூதப் பாட்டுன்னு தெரியணும்ல. நீங்க எழுதினது அரபுப் பாட்டு மாதிரி இருக்கு." தமிழ்ப் பாட்டை எடுத்து எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்றும் சொன்னார்.

ஒத்திகை பார்க்க வந்து பின்வரிசையில் இருந்த தோழி எழுந்து, தமிழுக்கு மாறினாள். "எங்க வூட்டுப் பாட்டு எப்படி இருக்கணும்னு இவரா சொல்றது?"

அவள் என்ன சொல்கிறாள் என்று சயா என்னைக் கேட்டார். ஒரு சொல்லும் குறைக்காமல் பர்மிய மொழியில் சொன்னேன். அவர் சிரித்தார். என் தாளோடு மற்ற மூவரின் தாள்களையும் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கூடாரப் பண்டிகையன்று யூத ஆலயத்து முற்றத்தில், ஓலை வேய்ந்த கூடாரத்தின் கீழ், நான் எழுதியபடியே வாசித்தோம். முதல் வயலின்காரர் மன்றத்தைப் பகைத்துக்கொள்ளப் பயந்து வரவில்லை. அவருடைய பகுதியைத் தோழி பாடினாள். பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். குரல் அந்த இடத்தில் இறங்கி நின்றபோது என் வயோலாவும் அங்கேயே இறங்கி நின்றது.

பிறகுதான் தெரிந்தது, சயா தான் மாற்றியெழுதிய பிரதியை வேறொரு மேடையில் என் பெயர் போட்டே வாசிக்க வைத்திருக்கிறார். தோழி குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேரே போய், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"பேரு வந்தா நல்லதுதானே?" என்றார், உண்மையாகவே புரியாமல்.

ஒத்திகையில் சிரித்ததைக்கூட என்றாவது மன்னிப்பேன். இதை மன்னிக்க எனக்கு மனமில்லை.