பாலைப் பொங்க விடாத மனுஷன்

புது பெயிண்ட் வாசனையும் மாவிலை வாசனையும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு ஒரே ஒரு காலைதான் ஞாபகம் வரும்... முத்தியால்பேட்டையில் எங்கள் சொந்த வீட்டில் பால் காய்ச்சிய காலை.

பத்து வருஷம் இருக்கும். சந்துக்குள் சின்ன வீடு. ஸ்கூட்டரை உள்ளே ஏற்றிவிட்டால் நாம் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். சாவி கைக்கு வந்த அன்று நானும் என் வீட்டுக்காரரும் காலி ஹாலில் தரையில் உட்கார்ந்து பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்தோம். பேசினால் எதிரொலித்தது.

"காலண்டருக்கு இங்க ஒரு ஆணி அடிச்சிக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். ஹவுஸ் ஓனரைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்!

"என்ன எதுக்குக் கேக்கறீங்க... அடிங்க!"

அடித்தார். கோணலாகப் போனது. அதற்கே இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம்.

ஒரே கவலை, என் மாமியார். பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம். "ஊர்ல அவ்ளோ எடம் கெடக்குது... சந்துல போயி பூந்துகினியே" என்று மகன்மேல் வருத்தம். பால் காய்ச்ச வருவேன், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அம்மா ஒரு ராத்திரியாவது இந்த வீட்டில் படுத்து எழுந்தால்தான் இது வீடு என்று இவருக்கு இருந்தது. வாய்விட்டுக் கேட்கத்தான் பயம்.

பால் காய்ச்சும் அன்று வந்த மாமியார், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

மஞ்சள் கட்டிய புதுப் பாத்திரம். அடுப்பை நான்தான் பற்ற வைத்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தச் சின்ன சமையலறையில் நெருக்கியடித்து நின்றார்கள். பால் பொங்கி வழிய வேண்டும், அதுதானே சாஸ்திரம்! நுரை எழும்பியது... விளிம்புக்கு வந்தது...

டக்.

வீட்டுக்காரர் கையை நீட்டி அடுப்பை அணைத்துவிட்டார்! நுரை அப்படியே அடங்கிப் போனது.

இவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"பொங்கறதுக்குள்ள எதுக்குடா அணைச்ச?" என்றார் மாமியார்.

"பழக்கத்துல கை போயிடுச்சிம்மா... தெனம் நான்தான காய்ச்சறேன்..."

போச்சு! எனக்குக் கதிர்காமத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை, விடிகாலை டூட்டி. காலைக் காபி இவர் பொறுப்பு. ஊருக்குப் போனால் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனுஷன் என்பதால், இதைப் பற்றி அங்கே நாங்கள் மூச்சு விட்டதில்லை. இனிமேல் மாமியார் இந்தப் பக்கமே வர மாட்டார் என்று நினைத்தேன்.

மாமியார் என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"நீ மறுபடி பத்த வைம்மா. டேய், நீ கைய கட்டிகினு அப்டி ஓரமா நில்லு."

ஸ்கூல் பையன் மாதிரி கை கட்டி நின்றார். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, மாமியார் பையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். பஸ்ஸுக்குத்தான் என்று நினைத்தேன்.

"காபியும் போடுவியாடா?"

"போடுவேன்ம்மா."

"போடு பாக்கலாம்."

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் குடித்தார்.

"ஒங்கப்பா கடைசி வரைக்கும் எனக்கு ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்ததில்ல" என்றார் சுவரைப் பார்த்து. அப்புறம் பையை என்னிடம் நீட்டினார். "இத உள்ள எங்கனா வைம்மா. காலைல போயிக்கலாம்."

இவர் சட்டென்று பாத்திரம் கழுவத் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியதை நான் பார்த்துவிட்டேன்.

காலையில் மட்டும் போனாரா என்ன? இப்போது மாடி ரூம் அவருடையதுதான்... அறுவடைக்கு மட்டும் ஊருக்குப் போய் வருவார். இன்னொரு நாற்காலி போட ஹாலில் இடமில்லை. எதிரொலி எப்போது நின்றது என்றே தெரியவில்லை. அந்தக் காலி ஹாலை நினைத்துச் சில நேரம் ஏக்கமாகக்கூட இருக்கும். கோண ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது.

காபி இன்றைக்கும் இவர்தான். ஆனால் கையில் செல்போன். வாரத்தில் பாதி நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. இன்று காலையும் அப்படித்தான். நான் துணியை எடுத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி ஓடினால், ஹாலிலிருந்து மாமியார் குரல்...

"அவன ஒண்ணும் சொல்லாதம்மா. அன்னிக்கு பொங்க வுடாததுக்குத்தான் இப்ப தெனம் புது வூடு குடி போறோம்!"