பதினொன்றாவது நிமிடத்தில் நின்ற கல்யாணம்

கம்பம் பக்கத்து நிக்காஹ்களில் பெண்கள் பக்கம் வீடியோ எடுப்பவர் மெகருன்னிசா. அந்தப் படங்கள் வெளியாள் கண்ணில் படக் கூடாதென்று வீட்டிலேயே நான்கு டிஸ்க் போட்ட சர்வர் வைத்திருக்கிறார். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அதிலிருந்ததை மீட்டுக் கொடுத்துவிடும். அந்தத் தைரியத்தில், காப்பி முடிந்த கையோடு கேமரா கார்டை அழித்துவிடுவார். அதில் ஒரு முகம்கூடத் தங்கக் கூடாது. இந்த விஷயத்தில் அவர் பிடிவாதக்காரி.

உத்தமபாளையத்துக் கல்யாணம் பதினொன்றாவது நிமிடத்தில் நின்றது. வீடியோவை ஓட்டினால், மணப்பெண் தலை நிமிர்வதற்குள் திரை பச்சையாகிவிட்டது. சர்வரிலோ நான்கு டிஸ்க்கின் விளக்கும் ஒழுங்காக எரிந்தன. ஒன்றும் புரியாமல், அதில்தான் கோளாறோ என்று ஒரு டிஸ்க்கை உருவிவிட்டு ஓட்டிப் பார்த்தார். அதே நிமிடம், அதே பச்சை.

சர்வர் மாட்டிக் கொடுத்த தேனி சுந்தரலிங்கத்துக்குப் போன் போட்டார்.

"எல்லாம் பத்திரமா இருக்குன்னுதான காட்டுது. பெறகு படம் எங்கன போச்சு?"

"காப்பி ஆகையிலயே கெட்டிருக்கும்க்கா. கார்டை அழிக்கிறதுக்கு முந்தி ஓட்டிப் பாத்தீகளா?"

"இல்ல. அப்ப இந்தப் பெட்டி என்னத்தக் காப்பாத்துச்சு?"

"நீங்க குடுத்தத."

குழப்பம் தீராமலே, உருவிய டிஸ்க்கைத் திரும்பச் செருகினார். சர்வர் அந்தப் பச்சைத் திரையை ஒரு புள்ளி விடாமல் மீட்டெடுக்கத் தொடங்கியது.