பாவிக்காத சாமான்கள்

கடையில் சாமான் விற்கிறவர்களுக்கு வாங்குகிறவர்களின் ஆசை மட்டும்தான் தெரியும். விற்ற சாமானைத் திருப்பி எடுக்கிற கவுண்டரில் நிற்கும் எங்களுக்கு அவர்களுடைய பயமும் தெரியும். ஸ்காபரோவில் ஒரு பெரிய கடையில் பல வருடமாக நிற்கிறேன். நாள் முழுக்கச் சிரித்து வாய் நொந்து, வீட்டுக்குப் போனால் ஒரு சொல் பேச ஆளில்லாதவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஓடும் மெஷின்

நாற்பதைத் தாண்டிய ஒருவர், நெஞ்சு நோகுது என்று டொக்டரிடம் போய் வெருண்டு, அன்றைக்கே ஓடும் மெஷின் ஒன்று வாங்கினார். இரண்டு பேர் பிடித்துத்தான் வான் வண்டியில் ஏற்றினார்கள். அடுத்த மாதம் அதே பெட்டி, மேலே ஒட்டின டேப் கூடக் கிழியாமல், என் முன்னால் வந்து நின்றது. ஒருக்காக் கூடப் பாவித்து ஓடிப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"காசைக் கட்டி வீட்டுக்குக் கொண்டு போனவுடனையே பயம் போயிட்டுது தங்கச்சி. பிறகென்னத்துக்கு ஓடுறது?"

படையல்

பக்கத்து வோபர்னில் இருந்து ஓர் அன்ரி மின்சார ஷேவர் ஒன்றைத் திருப்பித் தர வந்தார். பெட்டியின் மூலையில் விபூதி. அவருடைய கணவர் அதை விளம்பரத்தில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டவராம். விலை இறங்கட்டும் என்று காத்திருந்தவர், அதற்குள் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அன்ரி முழு விலைக்கு வாங்கி, வடைக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் பக்கத்தில் படைத்திருக்கிறார்.

தமிழ் தெரியாத என் மனேஜர் விபூதியைத் தடவிப் பார்த்துவிட்டு, பாவித்த சாமானா என்று கேட்கச் சொன்னார். கேட்க மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"அவர் பாவிக்கேல்லைப் பிள்ளை. படத்துக்கு முன்னாலை நிண்டு எடுங்கோ எடுங்கோ எண்டு எவ்வளவு கெஞ்சினனான்."

செவ்வாய்க்கிழமை அங்கிள்

வெக்ஸ்போர்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் தனியாக இருப்பவர் சிவம் அங்கிள். வெள்ளிக்கிழமை தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தில் ஒன்று வாங்குவார், செவ்வாய்க்கிழமை திருப்பித் தருவார். அடுத்த கிழமை அயன்பெட்டி. அதற்கடுத்த கிழமை மறுபடியும் கேத்தில். காசைத் திருப்பிக் கொடுத்த பிறகும் போகமாட்டார். குளிரைப் பற்றி, பஸ்ஸைப் பற்றிக் கதைத்துக்கொண்டே நிற்பார். மனேஜருக்கு மூக்கு நுனியில் கோபம். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன், "அங்கிள், ஏன் உந்தக் கேத்திலைக் காவிக்கொண்டு திரியிறியள்?" என்று.

"என்ரை மாடியிலை ஒராள் செத்து, மணம் வந்தபிறகுதான் கதவை உடைச்சவை. செவ்வாய்க்கிழமை நான் வராட்டி நீராவது யோசிப்பீர் எல்லோ?"

வராத செவ்வாய்

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. பனி கொட்டுகிறது, அதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். புதன்கிழமையும் காணவில்லை. கவுண்டரில் யாரோ ஹீட்டரைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்க, எனக்கு அந்த மாடிக் கதவுதான் கண்ணுக்குள் நின்றது. அவருக்காக மட்டும் பயந்தேன் என்று சொன்னால் பொய். நான் தனியே இருக்கும் டோர்செட் பார்க் வீட்டிலும் கதவைத் தட்ட ஆளில்லை. நான் வேலைக்கு வராவிட்டால் மனேஜர் போன் பண்ணுவார்தான், ஏசுவதற்கு.

கடைசியாகத் திருப்பித் தந்த கேத்திலின் ரசீதோடு கம்ப்யூட்டரில் அவருடைய நம்பர் இருந்தது. அதை நாங்கள் சொந்தத் தேவைக்கு எடுக்கக் கூடாது. எடுத்தேன், போன் பண்ணினேன். மணி நெடுநேரம் அடித்தது. பிறகு "ஹலோ" என்ற குரல் கேட்டதும் அழுதுவிட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்டேன். அந்தப் பக்கம் மெல்லிய சிரிப்பு.

"தேடுவீரோ எண்டு பாக்கத்தான் வராமல் இருந்தனான் பிள்ளை. பரவாயில்லை, உது வேலை செய்யுது."

போன வெள்ளிக்கிழமை நானும் வேறொரு கடையில் ஒரு கேத்தில் வாங்கி, பெட்டியைத் திறக்காமல் வைத்துக்கொண்டு, அங்கே திருப்பி எடுக்கிற கவுண்டரில் நிற்கும் பிள்ளை கொஞ்சம் இரக்கமான முகக்காரியா என்று பார்த்து வந்திருக்கிறேன்.