பாடப்படாத ஒரு பாட்டுக்காக மெல்பேர்ண் வரை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்கு ரயிலில் போனேன். கறுப்பின மக்களின் விடுதலைப் பாடல்களுக்கென்று அங்குள்ள தமிழ்ச் சங்கம் ஒன்று ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சி வைத்திருந்தது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இசை கற்பித்தவள் என்பதால் என்னையும் இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள். இப்படியான நிகழ்ச்சிகளுக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

வீட்டருகே செவன் ஹில்ஸில் காலை 6.15க்கு உள்ளூர் ரயிலில் ஏறினேன். சிட்னி சென்ட்ரல் நிலையத்தில் 7.42க்கு மெல்பேர்ண் ரயில். ஏறத்தாழ 950 கிலோமீட்டர், பதினொரு மணித்தியாலம், முதியோர் கட்டணம் 58 டொலர். விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்தான். ஆனால் பேச்சை எழுதித் திருத்த ரயில் வசதி. தேநீர் வாயில் வைக்க முடியாது; பிளாஸ்க் கொண்டுபோங்கள்.

மெல்பேர்ணில், பொயிண்ட் குக்கில் தங்கையின் மகள் சுமதி வீட்டில் தங்கினேன். அங்கிருந்து மண்டபம் 24 கிலோமீட்டர்; சுமதிதான் காரில் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று மணிக்குத் தொடக்கம், நான்கு மணிக்குப் பாட்டு, ஆறு மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும் என்று நிகழ்ச்சிநிரலில் இருந்தது.

பாடகி ரூத் இந்த நாட்டின் பூர்வகுடிப் பெண். கடைசிப் பாட்டைத் தன் தாய்க்காக அவரே எழுதியிருந்தார். சிறுமியாக இருந்தபோது குடும்பத்திடமிருந்து அரசாங்கம் பிரித்துக் கொண்டுபோன தாய். அந்தத் தாய் ஷெப்பர்ட்டனிலிருந்து இரண்டரை மணித்தியாலம் காரில் வந்து, சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தார். அந்தப் பாட்டை மேடையில் அவர் கேட்கப்போவது அன்றுதான் முதல் தடவை.

தொடங்கியது 3.25க்கு. விளக்கேற்ற ஐந்து பேர். சங்கத் தலைவர் பேசியது 19 நிமிடம், நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த அனுசரணையாளர் 14. கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நானும் பேசினேன். அமெரிக்காவில் கறுப்பின அடிமைகள் அழுது பாடிய பாட்டுகளைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் எங்களுக்குச் சிரித்தபடி கைதட்டிப் பாடக் கற்பித்ததையும், அவை யாருடைய பாட்டுகள் என்று ஒருநாளும் சொல்லாததையும் சொன்னேன். நல்ல கைதட்டல். பிறகு சிறுவர் நடனம், பிறகு பொன்னாடைகள்.

ரூத் மேடையேறியபோது 5.20. வாத்தியம் எதுவும் இல்லை. காலால் பலகையைத் தட்டித்தான் தாளம். மூன்றாவது பாட்டில் மண்டபம் மூச்சுவிடவில்லை. நான்காவது முடிந்ததும் செயலாளர் ஒலிவாங்கியோடு மேடையேறப் போனார். மறித்தேன்.

"தம்பி, இன்னும் ஒரு பாட்டு இருக்கு."

"நன்றியுரை இருக்கு அன்ரி. இன்னும் ரெண்டு பேருக்குப் பொன்னாடையும் போடவேணும். போடாட்டிப் பிறகு கதை வரும்."

"அந்தப் பாட்டுக்குத்தானே தாய்மனுசி வந்திருக்கிறா?"

"அவை கோவிக்க மாட்டினம் அன்ரி. நல்ல சனம்."

ஆறு மணிக்குக் காவலாளி விளக்குகளை அணைக்கத் தொடங்கினார்.

வாசலில் ரூத்திடம் மன்னிப்புக் கேட்டேன். தாய் மகளின் சட்டைக் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் கேட்டார்: "என்ர பாட்டு முடிஞ்சுதா?"

"இன்னும் இல்லை, அம்மா," என்றார் ரூத். கார் புறப்பட்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் சங்கத்தைத் திட்டிக்கொண்டு வந்தேன். சுமதி பொறுத்துப் பார்த்தாள்.

"பெரியம்மா, நீங்களும் பதினொரு நிமிசம் கதைச்சனீங்கள். நான் வீடியோ எடுத்தனான்."

"அஞ்சு நிமிசத்துக்குத்தான் எழுதினனான்."

"கைதட்ட, நீட்டிக்கொண்டு போனீங்கள்."

எல்லோருடைய நேரத்தையும் பார்த்த என் கைக்கடிகாரத்தில் என் நேரத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. நிகழ்ச்சிநிரலை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கடைசிப் பாட்டு ஏழு நிமிடம்.

போகிறவர்களுக்கு: ரயிலில் வலப்பக்க யன்னல் இருக்கை கேளுங்கள், மெல்பேர்ணில் மழைச்சட்டை வேண்டும். இப்படி ஒரு மேடைக்கு உங்களை யாராவது கூப்பிட்டால், இருந்த இடத்திலேயே இருங்கள். எனக்குப் போர்த்திய பொன்னாடையைச் சங்கத்துக்கே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பதினொரு நிமிடத்தை எங்கே திருப்பி அனுப்புவது என்று தெரியவில்லை.