ரசிகர் தலைவர் வைத்த நுழைவுத் தேர்வு

"கடைசி வரியைப் படிங்க," என்கிறார் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். நாற்காலியில் இருக்கும் அம்மாள், மூக்கில் கனத்த சோதனைச் சட்டத்தோடு, எழுத்தை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள்.

"யாரு தம்பி பாடுறது? குரல் நல்லா இருக்கே!"

அவ்வளவுதான், கடைக்காரர் முகம் கடுகடுக்கிறது. கை தானாகப் போய்ப் பாட்டின் சத்தத்தைக் குறைக்கிறது. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா. எழுத்தைப் பாருங்க."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஒரு ராக் பாடகர். ஆயுசு முழுக்கத் தொண்டை கிழியப் பாடியும் பெயர் எடுக்காதவர். எடுத்திருந்தால் கடைக்காரருக்கு இவ்வளவு பெருமை இருந்திருக்காது. ரசிகர் மன்றத் தலைவர் இவர்தான். இவரையும் சேர்த்து உறுப்பினர்கள் நாலு பேர். ஐந்தாவதாகச் சேர வந்த சொந்த மச்சானையே, "கால்ல தாளம் போடுறான். ஆழம் பத்தாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஈ ஓட்டிய கச்சேரிகளில்கூட முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் என்பது உண்மை. அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அதில் நடிப்பு கிடையாது. "பாடும்போது எங்க யாரையும் பார்க்க மாட்டாருங்க. எங்க தலைக்கு மேல, தூரத்துல எங்கயோ பார்ப்பாரு. ஞானி! கூட்டத்தை ஒரு பொருட்டாவே நினைச்சதில்ல."

இப்படியிருக்கையில் ஒரு நாள் பாடகர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மறுநாளே பத்திரிகைகள் 'போற்றப்படாத மேதை' என்று போட்டி போட்டுக்கொண்டு போற்றின. பேருந்தில், சலூனில், எதிர்க்கடை மருந்துக்காரர் கைபேசியில், எங்கே திரும்பினாலும் அதே குரல். கடைக்காரருக்குத் துக்கம் பாதி, வயிற்றெரிச்சல் பாதி. "யாரும் மதிக்கலையேன்னு இன்னைக்கு எழுதுறாங்களே, மதிக்காம இருந்தது யாரு? இவனுங்கதானே!" என்று கண்ணாடி மாட்டிப் பார்க்க வந்தவர் காதோரம் கத்தினார். வீட்டில் மனைவி மட்டும் வாயைத் திறந்தாள்: "என்னவோ உங்க சொத்துக்குப் பங்காளி கிளம்பின மாதிரி இருக்கீங்களே!"

கடை மாடியில் அஞ்சலிக் கூட்டம் என்று ஏற்பாடாயிற்று. விஷயம் எப்படியோ வெளியே கசிந்து தெருவே திரண்டு வந்தபோது, தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடத்து வாசலில் ஒரு மேசையைக் குறுக்கே போட்டார். ஆளுக்கொரு கேள்வி, பதில் தெரிந்தவர்தான் ரசிகர், உள்ளே போகலாம்.

"ரெண்டாவது இசைத்தட்டோட பின்னட்டை என்ன நிறம்?"

முதலில் நின்ற லாரி ஓட்டுநர் திருதிருவென்று விழித்தார். "அட்டையெல்லாம் பார்த்ததில்ல சார். வண்டி ஓட்டும்போது கேட்பேன். சில பாட்டுக்கு அழுகை வந்துரும்."

"ஓரமா நில்லுங்க."

அடுத்து, கைப்பையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண்மணி. அதே கேள்வி.

"தெரியலைங்களே."

"ஏதாவது ஒரு பாட்டோட முதல் வரியாவது தெரியுமா?"

"வீட்ல பாடவே மாட்டாருங்க. தொண்டையைப் பத்திரமா வெச்சுக்கணும்பாரு. நான் அவர் வீட்டுக்காரி."

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டு முழுக்க ஆட்கள். அதற்குக் கீழே தெருக்கோடி வரை தலைகள்.

"இத்தனை பேரும் அவருக்காகவா வந்திருக்காங்க?" குரல் உடைந்தது. "பாடும்போது அவர் கண்ணு வாசல்லயேதாங்க இருக்கும். யாராச்சும் புதுசா ஒருத்தர் உள்ள வந்தாப் போதும், வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதல்ல சொல்லுவாரு. அவ்வளவு சந்தோஷம். இவங்களை ஏங்க உள்ள விடாம நிறுத்தியிருக்கீங்க?"

தலைவர் கூடத்துக்குள் பார்த்தார். அவ்வளவு பெரிய இடத்தில், முன்வரிசையில் மூன்றே பேர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷமாகத் தன் தலைக்கு மேலே பாடகர் எதைத் தேடினார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தார். ஓரமாக நின்ற லாரி ஓட்டுநரை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க சார்."