தட்டை மேல் போட்ட பழி

போன வாரம் தட்டை சாப்பிடும்போது என் முன்பல் உடைந்தது. கடித்தேன்... ‘டக்’கென்று சத்தம்... வாயில் பாதிப் பல். வலியில் என்ன பேசுகிறோம் என்று யாருக்காவது தெரியுமா? “இது தட்டையா, கல்லா?” என்று கேட்டுவிட்டேன்.

அவ்வளவுதான். என் மனைவி சுமதி அடுப்பை அணைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளுக்கு வளைகாப்பு. சுமதியின் தட்டை என்றால் வேங்கிக்காலில் எங்கள் தெருவே காத்திருக்கும். இனிமேல் இந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். மகள் போன் செய்து, அம்மா கைத் தட்டை இல்லாமல் எனக்கு வளைகாப்பே வேண்டாம் என்று அழுதாள். சம்பந்தி வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பல் டாக்டர் சலீமைப் பார்க்கக் கிளம்பினேன். சுமதியும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். என் மேல் அக்கறை என்று நினைக்காதீர்கள் — தட்டைக்கு வக்காலத்து வாங்க.

போனால், பேஷன்ட் நாற்காலியில் ஒரு கல் படுத்திருக்கிறது! மேலே விளக்கு, அடியில் டவல். டாக்டர் அதன் மேல் பல் அளவெடுக்கும் பேஸ்ட்டை அப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கவலையோடு ஓர் இளம்பெண். பெயர் சங்கீதா, தொல்லியல் ஆராய்ச்சி மாணவி.

செங்கம் பக்கம் கிடைத்த கல்லாம். கற்காலத்தில் யாரோ இடிப்பதற்கு வைத்திருந்தது. தானியம் இடித்தார்களா, கொட்டை உடைத்தார்களா என்று தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். இடித்தால் குழி விழும், அரைத்தால் வழவழப்பாகும். அந்தத் தடமெல்லாம் பேஸ்ட்டில் அப்படியே பதியும், அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்போம் என்றார் சங்கீதா. சாப்பாட்டில் உதிர்ந்த கல்பொடியைத் தின்றே அந்தக் காலத்தில் பலருக்குப் பல் தேய்ந்தது என்றும் சொன்னார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பாத்தியா? அப்பலேர்ந்தே சமையலாலதான் பல்லு போவுது” என்றேன்.

சுமதி அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். இவர் பல்லையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா என்று கேட்டாள். நானும் விளையாட்டு என்று நினைத்து ‘ஆ’ காட்டினேன். புத்தி வேண்டாமா எனக்கு?

சங்கீதா லென்ஸை வைத்து மிச்சமிருந்த பாதிப் பல்லை நிதானமாகப் பார்த்தார்.

“சார், இது ஒரே நாள்ல உடைஞ்சது இல்ல. ஓரத்துல ஒரு பள்ளம் இருக்குது. உருண்டையா, கெட்டியா எதையோ இதே எடத்துல வெச்சு ரொம்ப வருஷமா கடிச்சிருக்கீங்க.”

டாக்டரும் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பல் எப்போதோ விரிசல் விட்டிருக்கிறதாம். பாவம், தட்டை கடைசி நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டதாம்.

சுமதி என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். மூடி முழுக்கப் பல் தடம். ஆமாம் வாசகர்களே... வாரா வாரம் உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் கடித்துக் குதறும் பேனாதான். டாக்டர் அதைத் துடைத்து என் பல்லில் வைத்துப் பார்த்தார். பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. நியாயமாகப் பார்த்தால் என் பல்லுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

“ஏங்க, தட்டை மேல தப்பு இல்லைனு உங்க வாயால சொல்லுங்க” என்றாள் சுமதி. டாக்டர், சங்கீதா, கற்காலத்துக் கல் எல்லோர் முன்னாலும் சொன்னேன். வேறு வழி?

அன்று சாயங்காலமே எண்ணெய்ச் சட்டி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் தட்டையை மொறுமொறுவென்று கடிக்க, மகள் கை நிறைய வளையலோடு சிரித்தாள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, என் பங்கைப் பாலில் ஊறவைத்துத் தின்றேன்.

அந்தக் கல்லில் இடித்துச் சாப்பிட்டவனும் என்றைக்காவது சமையல் மேல் பழி போட்டிருப்பான். ஆனால் கொடுத்து வைத்த மகராசன் — அவன் பொண்டாட்டி பக்கத்தில் லென்ஸோடு யாரும் நிற்கவில்லை!